வின்ச் மாட்டிய பிறகு மூக்கு குத்தி நிற்கும் பழைய தார்: முன்பக்கத்தைச் சமப்படுத்துவது எப்படி?

களக்காட்டான் | ஜூன் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல்), ஃபோர் வீல் டிரைவ். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். வண்டி வாரத்தில் ஐந்து நாள் தோட்டத்துப் பாதையிலும் குளத்துக்கரையிலும் ஓடும். மற்ற நாளில் நாங்குநேரி வழியாக நாலுவழிச் சாலையில் திருநெல்வேலிக்கோ வள்ளியூருக்கோ போகும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்று பிறகு படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடை எது, சாலை எது என்று பிரிக்க முடியாத தண்ணீர் மட்டும்தான். மச்சினன் வீட்டுக்குப் போகும் ஒரே பாதையில் பெரிய மருதமரம் விழுந்து கிடந்தது. அந்தப் பக்கம் அவன் கைக்குழந்தையோடு நிற்கிறான், இந்தப் பக்கம் நான் வண்டியோடு நிற்கிறேன். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தேன், சேற்றில் நாலு சக்கரமும் சுற்றியதுதான் மிச்சம். விடிந்து ஆள் சேர்ந்து மரத்தை வெட்டித்தான் அவர்களை வெளியே கொண்டுவந்தோம். கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் வாங்குவது என்று அன்றே தீர்மானித்தேன். காசு சேர்ந்து இந்தச் சித்திரையில்தான் முடிந்தது.

மாட்டியவை: கனமான இரும்பு பம்பர், அதன் மேல் வளைவுக் குழாய், 9,500 பவுண்டு இழுவை வின்ச் (நம் கணக்கில் சுமார் 4,300 கிலோ) இரும்புக் கயிறோடு, வின்ச் உட்காரும் தட்டு, இரண்டு எல்இடி விளக்கு.

அன்றிலிருந்து வண்டி தலையைக் குனிந்தே நிற்கிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே அமுங்குகிறது. குழியில் இறங்கினால் முன்பக்கம் ‘டக்’கென்று இடிக்கிறது. வலது பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வு. மாட்டிக் கொடுத்த கடையில் கேட்டதற்கு, “டார்ஷன் பாரை (முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி) நாலு சுற்று முறுக்குங்கள், வலது பக்கம் ஒரு சுற்று கூட வையுங்கள், சரியாகிவிடும்” என்றார்கள். செய்துவிடலாமா? இந்த வண்டியை நம்பித்தான் குடும்பமே இருக்கிறது. அதனால் தொடுவதற்கு முன் கேட்கிறேன்.

---

கரிசல்காடு | ஜூன் 8, இரவு 10.15

அண்ணாச்சி, என்னுடையது 2021 புதிய தார். அதில் முன்னால் டார்ஷன் பார் கிடையாது, காயில் ஸ்பிரிங். நானும் வின்ச் மாட்டி மூக்கு இறங்கி, ஸ்பிரிங் மேலே 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தேன். பார்க்க ஜோராக இருந்தது. எட்டு மாதத்தில் இடது சிவி ஜாயிண்ட் (முன் சக்கரத்தைச் சுழற்றும் மடங்கு இணைப்பு) ரப்பர் கிழிந்து கிரீஸ் எல்லாம் சக்கரத்தில் தெறித்திருந்தது. அவசரப்பட வேண்டாம்.

---

வண்ணார்பேட்டை பட்டறை | ஜூன் 9, காலை 6.50

தம்பி, திருகும் வேலை பிறகு. முதலில் அளந்து வாருங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் தாழ்வு உயர்வை நான் நம்புவதில்லை.

சிமெண்டுத் தரையில், நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கும்போது, வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கி வைத்து இறக்கிய கையோடு அளந்தால் டயர் உள்வாங்கி நிற்கும், அளவு பொய் சொல்லும். டேப்பைத் தரையிலிருந்து பிடிக்காதீர்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். அப்போதுதான் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலக்காது. நாலு மூலையும் வேண்டும். டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு ஒருவரை உட்கார வையுங்கள். அப்புறம், எதுவும் மாட்டாத இதே மாடல் வண்டி தெரிந்தவரிடம் இருந்தால் அதையும் அளந்து வாருங்கள்.

முடிந்தால் எடைமேடைக்குப் போய் முன்சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின்சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். நெல் லாரிக்கு மட்டுமா எடை போட வேண்டும்?

---

பணகுடி காற்று | ஜூன் 9, காலை 8.05

நானும் இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பொலிரோவிலும் இதே கேள்வி உண்டு.

---

களக்காட்டான் | ஜூன் 11, மாலை 7.20

அளந்துவிட்டேன் அண்ணாச்சி. என் வண்டி: முன் இடது 48.8 சென்டிமீட்டர், முன் வலது 47.3. பின் இடது 54.3, பின் வலது 52.9.

சேரன்மகாதேவியில் நண்பர் ஒருவரிடம் இதே மாடல், கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கிறது. அதில் முன்பக்கம் இரண்டும் 51, பின்பக்கம் 53.

இரண்டு வண்டியையும் ஒரே நாளில் ஒரே எடைமேடையில் ஏற்றினோம். என் வண்டியின் முன் அச்சில் அவருடையதைவிட 140 கிலோ அதிகம். பின் அச்சில் 30 கிலோ குறைவு. இதுதான் புரியவில்லை. நான் பின்னாலிருந்து எதையும் கழற்றவில்லையே? மாட்டிய சாமான்களின் எடையைக் கூட்டினால் பம்பரும் குழாயும் 52, வின்ச் 46, தட்டு 11, விளக்கு 4, கழற்றிய பழைய பம்பர் 9 போக 104 கிலோதான் வருகிறது. 140 எங்கிருந்து வந்தது?

---

வண்ணார்பேட்டை பட்டறை | ஜூன் 11, இரவு 9.30

எடைமேடை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஏற்றமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வின்ச் முன் அச்சின் மேல் உட்காரவில்லை, அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. முன் சக்கரம்தான் நடுக்கால். முன்னால் பாரம் தொங்கினால் பின்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். பின் அச்சு எவ்வளவு இலேசாகிறதோ அவ்வளவும் முன் அச்சின் தலையில் விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2,430 மில்லிமீட்டர், அதாவது 243 சென்டிமீட்டர். சாமான்களின் நடுப்பாரம் முன் அச்சுக்குச் சுமார் 75 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் என்று வைப்போம். 104 கிலோவை 75ஆல் பெருக்கி 243ஆல் வகுத்தால் 32. அவ்வளவு பின்னாலிருந்து போகிறது. முன்னால் 104ம் 32ம் சேர்ந்து 136. எடைமேடை பத்துப் பத்தாகக் காட்டும், ஆக 140க்கும் 30க்கும் பொருந்துகிறது.

மூக்கு குத்துவது பார்வைக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். முன்பக்கம் 3 சென்டிமீட்டர் இறங்கியது, பின்பக்கம் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறியது. கம்பெனி வண்டியில் பின்பக்கம் 2 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும், அது வேண்டுமென்றே வைத்தது. பின்னால் பாரம் ஏறியதும் சமமாக வேண்டும் அல்லவா? உங்களுக்கு இப்போது அந்த வித்தியாசம் ஐந்தரை.

சரி, இப்போது டார்ஷன் பார். இதைப் பற்றி நம் ஊர்ப் பட்டறைகளிலேயே தப்பான நம்பிக்கை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டார்ஷன் பார் என்பது நீளமான எஃகுக் கம்பி. முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையில் மாட்டியிருக்கும், பின்முனை சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் ஒரு நெம்புகோல் வழியாகப் போல்டில் நிற்கும். சக்கரம் மேலே எழும்பும்போது கம்பி முறுகும், அந்த முறுக்குதான் ஸ்பிரிங். போல்டைத் திருகினால் கம்பி கெட்டியாகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆகாது. கம்பியின் தடிமனும் நீளமும் மாறாதபோது அதன் பலம் எப்படி மாறும்? வண்டி தரையில் நிற்கும்போது கம்பியில் எவ்வளவு முறுக்கு இருக்கிறது என்பதை அதன் மேலுள்ள எடைதான் தீர்மானிக்கிறது. போல்டு செய்வதெல்லாம், அதே முறுக்கோடு கீழ்க் கை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று மாற்றுவது. உயரம் மாறும், தாங்கும் சக்தி மாறாது.

அப்படியானால் திருகவே கூடாதா என்றால், இல்லை. பழைய 51 வரை கொண்டுவருவது நியாயம். கை, சிவி ஜாயிண்ட், ஸ்டியரிங் ராடு எல்லாம் கம்பெனி நினைத்த கோணத்துக்குத்தான் திரும்பும். அதைத் தாண்டுவதில்தான் ஆபத்து. நாலு சுற்று முறுக்கினால் நீங்கள் 51இல் நிற்க மாட்டீர்கள், 53 பக்கம் போய்விடுவீர்கள். அங்கே போனால் சக்கரம் கீழே இறங்க இடம் இருக்காது. வண்டி ஒரு மேட்டைத் தாண்டி இறங்கும்போது சக்கரம் தொங்கிப் போய்த் தரையைத் தொட வேண்டும். இடம் இல்லையென்றால் மேல் கை அதன் தடுப்பில் அடிக்கும், சிவி ஜாயிண்ட் மடங்கிய கோணத்திலேயே சுற்றும். ஓட்டுபவருக்கு அது விறைப்பாகத் தெரியும். ‘ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது’ என்று எண்ணிக்கொள்வார். கெட்டியானது ஸ்பிரிங் இல்லை, முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆனால் 51க்குக் கொண்டுவந்தாலும் 136 கிலோ அங்கேயேதான் இருக்கும். பிரேக் பிடித்தால் அமுங்குவதும் குழியில் ஆடுவதும் முழுதாகப் போகாது. அதனால் என் பட்டறையில் முதல் கேள்வி எவ்வளவு ஏற்றலாம் என்பதில்லை, எவ்வளவு இறக்கலாம் என்பதுதான்.

---

கரிசல்காடு | ஜூன் 11, இரவு 10.05

என் ஸ்பேசரும் அதே கதைதானா அண்ணாச்சி? 20 மில்லி வைத்ததற்கு வண்டி கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் எழும்பியது. ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

---

வண்ணார்பேட்டை பட்டறை | ஜூன் 11, இரவு 10.20

அதே கதைதான். ஷாக் அப்சார்பர் கீழ்க் கையின் பாதி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 20 மில்லி தள்ளினால் சக்கரத்தில் ஏறக்குறைய இருமடங்கு. காயில் மேலே வைத்த தகட்டால் ஸ்பிரிங் பலமாகாது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஷாக் நீளம் கூடிவிட்டதால் சிவி ஜாயிண்ட் அதன் எல்லைக்கே போகிறது. உங்கள் ரப்பர் அதனால்தான் கிழிந்திருக்கும். காயில் வண்டியில் கூடுதல் பாரத்துக்கு நேர்மையான வழி, அந்த எடைக்கென்று செய்த தடித்த காயிலும் அதற்குப் பொருந்தும் ஷாக்கும்தான். செலவு அதிகம், ஆனால் ஒரு தடவைச் செலவு.

இன்னொன்று. உங்கள் புதிய தாரில் ஏர்பேக் இருக்கிறது. முன்னால் கனமான இரும்பு பம்பர் வைத்தால் மோதலின் அதிர்ச்சி சென்சாருக்கு வந்து சேரும் விதமே மாறிவிடும். அதையும் யோசியுங்கள்.

---

நாற்பது வருட ஸ்டியரிங் | ஜூன் 12, காலை 5.40

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மெக்கானிக் தம்பி சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. நான் வேறொன்று சொல்கிறேன்.

அந்த வளைவுக் குழாயை எடுத்துவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த மாதிரிக் குழாய்களையும் கிராஷ் கார்டுகளையும் அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு அது விரோதம். அபராதத்தை விடுங்கள். அந்தக் குழாய் ஒரு மனிதன் மேல் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஓட்டிய காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நாங்குநேரி ஊருக்குள் ஓட்டுகிறீர்கள். பிள்ளையின் தலை உயரத்தில் இருக்கும் அந்த இரும்பு. உங்களுக்கு வேண்டியது வின்ச். குழாய் வின்ச்சுக்கு எந்த வேலையும் செய்யவில்லை.

---

களக்காட்டான் | ஜூன் 12, இரவு 8.45

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை வண்டியின் முன்னால் போய் நின்றேன். என் மகளுக்கு ஏழு வயது. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். குழாய் அவள் முகத்துக்கு நேராக இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, எடுத்துவிடுகிறேன்.

பம்பரைப் பற்றித்தான் இப்போது யோசனை. எடைமேடைச் சீட்டைப் பார்த்த பிறகு, குழாய் போக அதன் 38 கிலோ கண்ணை உறுத்துகிறது.

---

அம்பை ஜிம்னி | ஜூன் 13, மதியம் 1.10

நான் வேறு வழியில் போனேன். வின்ச்சை நிரந்தரமாக முன்னால் மாட்டவில்லை. ஒரு தொட்டிலில் பொருத்தி, பின் சீட்டுக்குப் பின்னால் தரையோடு கட்டி வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் சேஸிஸில் சதுரக் குழாய் இணைப்பு இருக்கிறது. தேவைப்படும் பக்கம் செருகி, பூட்டு ஊசி போட்டு, ஒயரை மாட்டினால் இழுக்கலாம். பின்னாலிருந்தும் இழுக்க முடிவது பெரிய வசதி, சிக்கிக்கொண்டவன் பெரும்பாலும் வந்த வழியேதான் திரும்ப வேண்டியிருக்கும். ஜிம்னி 1,200 கிலோ வண்டி, முன்னால் நூறு கிலோ தொங்கவிட்டால் தாங்காது. முன் அச்சும் ஒரே தண்டு. உயர்த்தினால் அச்சு பக்கவாட்டில் நகரும், ஸ்டியரிங்கை நேராக வைக்கும் காஸ்டர் கோணமும் குறையும், ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும். அதனால் உயர்த்துகிற பேச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

---

களக்காட்டான் | ஜூன் 13, இரவு 9.00

நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த டிசம்பர் இரவு எனக்குள் இன்னும் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீர், இருட்டு, மழை. அந்த நிலையில் 40 கிலோ தொட்டிலைத் தனி ஆளாகத் தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் இருக்கும் துளையில் செருக என்னால் முடியாது. எனக்கு வின்ச் முன்னாலேயே இருக்க வேண்டும். பாரத்தை வேறு எங்கேயாவது குறைக்கிறேன்.

---

நாற்பது வருட ஸ்டியரிங் | ஜூன் 13, இரவு 9.25

இதில் நான் களக்காட்டுத் தம்பி பக்கம். ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டுவதுதான் கருவி.

---

அம்பை ஜிம்னி | ஜூன் 13, இரவு 9.50

புரிகிறது. அப்படியென்றால் இரும்புக் கயிற்றையாவது மாற்றுங்கள். 28 மீட்டர் இரும்புக் கயிறு பத்து கிலோ பக்கம் வரும், அதே நீள சிந்தெடிக் கயிறு இரண்டு கிலோதான். முன்னால் கயிறு வெளியே வரும் உருளை வாயையும் எடுத்துவிட்டு அலுமினிய வாய் போட்டால் இன்னும் நாலு கிலோ போகும். எப்படியும் மாற்ற வேண்டும். இரும்புக் கயிறு ஓடிய உருளையில் பிசிறு இருக்கும், அது புதுக் கயிற்றை அறுத்துவிடும். அறுந்தால் இரும்புக் கயிறு மாதிரி பாய்ந்து வந்து ஆளை அடிக்காது என்பது எடையைவிடப் பெரிய லாபம்.

ஆனால் வெயிலும் மணலும் அதற்கு எதிரி. உறை போடாமல் விட்டால் நம் ஊர் வெயிலில் வெளுத்துப் பொரிந்துவிடும். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் இழுத்தீர்கள் என்றால் வீட்டுக்கு வந்து முழுக்கயிற்றையும் அவிழ்த்துத் தண்ணீரில் அலசிக் காயவைத்துத் திரும்பச் சுற்றுங்கள். அந்தச் செம்மணல் இழைக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும்.

---

வண்ணார்பேட்டை பட்டறை | ஜூன் 14, காலை 7.00

தம்பி, நீங்கள் போட்ட அளவைத் திரும்பப் பார்த்தேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும். வலது பக்கத் தாழ்வு முன்னால் மட்டும் இல்லை. முன் வலது 1.5 குறைவு, பின் வலது 1.4 குறைவு. பின்னால் நீங்கள் எதையும் மாட்டவில்லையே, பிறகு ஏன் பின்னாலும் சாய வேண்டும்?

ஒரு சோதனை செய்யுங்கள். முன்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தில் சரியாக நடுவில் ஜாக்கி கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்குங்கள். பின் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளில் பாரம் விடும் வரை போதும். யாரும் அடியில் போக வேண்டாம். இப்போது வண்டியின் பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, அதனால் முன்பக்கத்தைச் சாய்க்க அதற்குச் சக்தி இல்லை. இந்த நிலையில் முன் இரண்டு மூலையையும் அளந்து சொல்லுங்கள்.

---

களக்காட்டான் | ஜூன் 14, மாலை 6.30

செய்தேன். முன் இடதுக்கும் வலதுக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!

---

வண்ணார்பேட்டை பட்டறை | ஜூன் 14, இரவு 8.10

அப்படியானால் முன்பக்கத்தில் குற்றமில்லை. பின் வலது லீஃப் பட்டை தளர்ந்திருக்கிறது. அது வண்டியின் வலது தோளையே கீழே இழுக்கிறது. வலது பக்கம் வாழைத்தாரை அடுக்கும் பழக்கம் உண்டா?

கடையில் சொன்னபடி முன் வலது பாரை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கியிருந்தால் பார்வைக்குச் சமமாகியிருக்கும். ஆனால் நாலு காலில் ஒரு காலுக்குக் கட்டை வைத்த மேசை மாதிரி, முன் வலதும் பின் இடதும் பாரத்தை வாங்கும், மற்ற இரண்டும் இலேசாகும். மழையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், காரணம் கண்டுபிடிக்க முடியாமல் பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

பின் பட்டைகள் இரண்டையும் கழற்றி வளைவு ஏற்றும் பட்டறையில் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள், ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். யூ போல்டு புதிதாகப் போடுங்கள். ஓட்டிப் பார்த்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப முறுக்கச் சொல்லுங்கள், பட்டை உட்கார்ந்ததும் அது கொஞ்சம் தளரும்.

---

களக்காட்டான் | ஜூன் 14, இரவு 8.40

வலது பக்கம்தான் அடுக்குவோம். தோட்டத்துக் கதவு அந்தப் பக்கம், ஏற்றுபவர்கள் அப்படியே வைத்துப் பழகிவிட்டார்கள். எட்டு வருடமாக.

---

பணகுடி காற்று | ஜூன் 15, காலை 9.15

ஒரு சந்தேகம். முன்பக்கம் தாழ்ந்திருப்பது காற்றுக்கு நல்லது என்று சொல்கிறார்களே? ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரிலிருந்து காவல்கிணறு வரை வண்டியைத் தூக்கித் தள்ளும். நான் பின்னால் சுமை ஏற்றிப் போகும் நாளில் ஸ்டியரிங் கையிலேயே நிற்பதில்லை.

---

நாற்பது வருட ஸ்டியரிங் | ஜூன் 15, காலை 10.30

அது பின்சுமையால். பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கியிருந்தால் முன் டயரில் பிடிப்பு குறையும், பக்கக் காற்று வந்ததும் வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். அந்தச் சாலையில் காற்றாலை நடுவே எத்தனையோ முறை பேருந்தை நாற்பதுக்குக் குறைத்திருக்கிறேன். அதனால் வெறும் வண்டியில் முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்குச் சமமாகத் தூக்கி வைப்பவர்கள், சுமை ஏறியதும் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இரவில் அந்த வண்டியின் விளக்கு நேராக எதிரே வருபவன் கண்ணில்தான் அடிக்கும். களக்காட்டுத் தம்பி வாழைத்தார் ஏற்றுகிறவர். அவர் வண்டி காலியாக இருக்கும்போது கொஞ்சம் குனிந்துதான் இருக்க வேண்டும்.

---

களக்காட்டான் | ஜூன் 29, இரவு 9.10

இரண்டு வாரமாக எழுதவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு பம்பரை முழுதாகக் கழற்றிவிட்டேன். ஆசைப்பட்டு வாங்கியதுதான், மனசு கனத்தது. பரண் மேலிருந்த பழைய பம்பரை எடுத்து மாட்டினேன். வின்ச்சுக்குப் புதிதாக ஒரு தட்டு செய்து, சேஸிஸ் கொம்புகள் இரண்டுக்கும் நடுவே முடிந்தவரை உள்ளே தள்ளி உட்கார வைத்தோம். பழைய தட்டைவிட 3 கிலோ கூடுதல், ஆனால் பாரம் பத்து சென்டிமீட்டர் பின்னால் வந்துவிட்டது. கயிறு சிந்தெடிக், வாய் அலுமினியம். எல்இடி விளக்கை எடுத்துவிட்டேன். முன்பு 104 கிலோ, இப்போது 48. பட்டறை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். முன் அச்சில் கூடுதல் 136இலிருந்து 61க்கு இறங்க வேண்டும். எடைமேடையில் 60 காட்டியது. அந்தச் சீட்டை மனைவியிடம் காட்டினேன், அவளுக்கு என் சந்தோஷம் புரியவில்லை.

பின் பட்டைகளை வளைவு ஏற்றி மாட்டியதும் சாய்வு போய்விட்டது. டார்ஷன் பாரைத் தொடும் முன்பே முன்பக்கம் இரண்டும் 49.7க்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் போல்டு. அண்ணாச்சி போனில் சொன்னபடி முன்பக்கத்தை சேஸிஸில் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பவில்லை. போல்டு நின்ற இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவி, சக்கரம் தொங்கும் நிலையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகினேன். இறக்கி, தோட்டத்து வாசல் வரை ஓட்டிவந்து அளந்தால் 50.7. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அதே அளவு 57, முழுதாக அமுங்கும்போது 41. ஆக நின்ற இடத்திலிருந்து கீழே இறங்க 6.3 இருக்கிறது. மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்காவது கீழே இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொன்ன கணக்குக்கு அது போதும். நாலு சுற்று முறுக்கி 53இல் நின்றிருந்தால் மிச்சம் 4தான்.

மறுநாளே அலைன்மெண்ட் பார்த்தேன். முன்பு தாழ்ந்து ஓடியதில் முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு தேய்ந்திருந்ததை அங்கேதான் கவனித்தேன். இப்போது டோவும் கேம்பரும் (சக்கரத்தின் திசைக் கோணமும் சாய்வுக் கோணமும்) சரியாக நிற்கின்றன.

---

கரிசல்காடு | ஜூன் 29, இரவு 9.35

பிரேக் பிடிக்கும்போது அமுங்குவது?

---

களக்காட்டான் | ஜூன் 29, இரவு 9.50

முன்பு இருந்ததில் பாதி கூட இல்லை. கம்பெனி வண்டி அளவுக்கு வரவில்லை, வராது என்றும் தெரியும். முன் ஷாக் இரண்டும் பழையவை, அடுத்த வாழை வெட்டில் மாற்ற வேண்டும். குளத்துக்கரைக் குழியில் அந்த ‘டக்’ சத்தம் இல்லை.

---

வண்ணார்பேட்டை பட்டறை | ஜூன் 30, காலை 6.45

நல்ல வேலை தம்பி. 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒரு தடவை நாலு மூலையும் அளங்கள். அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள், மூக்கு தாழ்ந்திருந்தபோது யாராவது மேலே ஏற்றி வைத்திருப்பார்கள்.

---

களக்காட்டான் | ஜூலை 6, இரவு 10.20

ஆமாம் அண்ணாச்சி, ஏற்றித்தான் வைத்திருந்தார்கள். இன்று பன்னிரண்டு தார் ஏற்றி, உதவிக்கு ஒருவரையும் உட்கார வைத்து அளந்தேன். பின்பக்கம் 50.2, முன்பக்கம் 50.6. இந்தச் சுமையோடு சாயங்காலம் அரிசி ஆலைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி விளக்கை இறக்கினோம். திரும்பி வரும்போது நாங்குநேரி தாண்டி எதிரே வந்த ஒரு லாரிக்காரர்கூட டிம் அடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தாரை இப்போது இரண்டு பக்கமும் பிரித்து அடுக்கச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்துக் கதவை மாற்றி வைக்க ஆசாரியிடம் பேசியாகிவிட்டது.